மூன்றில் புள்ளி எங்கே?

அலுவலகத்தில் அவளுக்குத் துருவல் என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். பஸ் ஸ்டாப் வரை போனவள், வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடுவாள். அதனால் கணவரே பூட்டத் தொடங்கினார். இப்போது அவரைத் துருவுகிறாள். குடிநீர்த் தொட்டிகளைச் சோதிக்கும் எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு இது மூன்றாம் வருடம். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல், மறைப்பானேன்.

அன்று எரிச்சல் இரட்டிப்பு. எங்கள் தெருத் தொட்டியைக் கழுவ மூடியதில், வீட்டுக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு மனைவி திண்டாடினாள். அறிக்கை பதினொரு மணிக்குள் பொறியாளரிடம் போனால், தேறிய தொட்டிகளை உடனே திறப்பார்கள். மதியம் தண்ணீர் வந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவள் அறிக்கையை வெறும் எழுத்து மட்டும் ஏற்கும் எடிட்டரில் எழுதுவாள். நடுவே நாலு வரி கம்ப்யூட்டர் கோட். அதை ஓடவிட்டால் கீழேயே அட்டவணை விழும்: தொட்டியின் பெயர், குளோரின், கிருமி. கிருமி இல்லையென்றால் அந்த இடம் காலி. எங்கள் தெருவின் மேட்டுப்பக்கத்துத் தொட்டிக்குக் குளோரினுக்கு நேராக மூன்று, கிருமிக்கு நேராகக் காலி. தேறிவிட்டது!

"அனுப்பும்மா. மணி பத்தே முக்கால்."

"இருங்கண்ணா. மத்த குளோரின் எல்லாம் பூஜ்யம் புள்ளி நாலு, பூஜ்யம் புள்ளி அஞ்சு. இந்த மூணுல மட்டும் புள்ளி எங்க?"

"அளந்தவன் முழுங்கியிருப்பான். அனுப்பு."

அவள் கேட்கவில்லை. எழுத்துருவை மாற்றினாள். எடிட்டரை மூடித் திறந்தாள். அந்த நாலு வரியை மறுபடி ஓடவிட்டாள். மூன்று அசையவில்லை. பொறியாளர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிலைகொள்ளாமல் நடந்தேன்.

கடைசியில் தொட்டியின் பெயரை அழித்துவிட்டு, அங்கே வெறும் ஏழு என்று போட்டு ஓடவிட்டாள். மூன்று, கிருமிக்கு நேராகப் போய் உட்கார்ந்தது.

"கம்ப்யூட்டர் மெய்யெழுத்துப் புள்ளியையும் ஒரு எழுத்தா எண்ணுதுண்ணா. ஆனா அது எழுத்து தலைமேலதான இருக்கு, திரையில இடமே எடுக்கல. உங்க தொட்டி பேர்ல ஆறு புள்ளி. அவ்வளவு இடம் கொறைஞ்சு, மூணு இந்தப் பக்கம் சறுக்கிடுச்சு. குளோரின் அன்னைக்கு அளக்கவே இல்ல."

"பெரும்புள்ளிங்கதான் இப்படிப் பண்ணுவாங்கன்னு நெனச்சேன்," என்றேன். எனக்கே சிரிப்பு வரவில்லை. அவள் பெயர்களை அட்டவணையின் வலது ஓரத்துக்குத் தள்ளினாள். எண்கள் நேராக நின்றன. எங்கள் தொட்டி தேறவில்லை என்ற அறிக்கை போனது.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கும் வராதா? அங்க உக்காந்து என்னதான் கிழிக்கிறீங்க?"

இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவதுதான் என் வழக்கம். அன்று முழுவதையும் கேட்டேன். போனை வைத்ததும் துருவல் திரும்பினாள்.

"அண்ணா, கழுவின பிறகே மூணு கிருமின்னா, பாப்பா இப்ப குடிக்கிறது எப்பப் புடிச்ச தண்ணி?"

எனக்குத் தெரியவில்லை. மறுபடி போனை எடுத்தேன்.