வண்ணார்பேட்டையிலிருந்து குறுக்குத்துறை வரை: புது முட்டோடு மதினி நடந்த நடை

படி ஏறாமல், மூச்சு வாங்காமல் நடக்கிற பாதைகளை மட்டும்தான் நான் எழுதுவேன் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். என் முழங்கால் முட்டு அப்படி. ஆனால் இந்தத் தை மாதம் திருநெல்வேலிக்குப் போனது என் முட்டுக்காக இல்லை. என் அண்ணன் மனைவி கோமதி மதினியின் முட்டுக்காக.

அண்ணன் தவறிப்போன பிறகு மதினி வண்ணார்பேட்டையில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் அவள் மகன் சங்கர் புனேக்குக் கூட்டிப் போய் முட்டு மாற்று ஆபரேஷன் செய்து, ஆறு மாதம் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டான். குறை சொல்ல முடியாத பிள்ளை. மதினி ஊர் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வாரேம்மா. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்கூடவே வந்துரு. தனியா ஒன்னால முடியாது" என்று சொல்லிவிட்டான். மதினிக்குப் போக இஷ்டமில்லை. அதை அவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

நான் விடுவேனா? முடியும் என்று நடந்து காட்டிவிட்டால் போச்சு, இதுக்கு எதுக்கு விசாரம் என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வண்ணார்பேட்டை பேராச்சியம்மன் கோயில் பக்கத்தில் ஆரம்பித்து, ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் குறுக்குத்துறை முருகன் கோயில் வரை. மொத்தம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கேயும் மேடு கிடையாது. மெதுவாக உட்கார்ந்து எழுந்து போனாலும் இரண்டேகால் மணி நேரம் போதும். மதினி தோளில் ஒரு துணிப்பை. என்ன மதினி, கட்டுச்சோறா என்று கேட்டதற்கு, "ஒன் சோலியப் பாருட்டி" என்று பதில் வந்தது.

வண்ணார்பேட்டை மேம்பாலத்து இரைச்சல் பத்து நிமிஷத்தில் பின்னால் போய்விடுகிறது. கொக்கிரகுளம் வரை வலப்பக்கம் ஆறு. மழை நின்று தண்ணீர் தெளிந்திருந்தது, அடியில் மணல் தெரிந்தது. எதிர்க்கரையில் மூன்று பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஆற்றுப்பாலத்தின் மேல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். பஸ்கள் முதுகை உரசுகிற மாதிரி போகும், அதனால் நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். பாலம் தாண்டியதும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்கார அண்ணாச்சி மதினியின் நடையைப் பார்த்துவிட்டு, "பைய போங்க. ஆறு எங்கன போயிரப் போவுது?" என்றார்.

அதற்கப்புறம் தைப்பூச மண்டபம். கல் குளிர்ச்சியாக இருக்கும், கால் நீட்டி உட்காரலாம். அல்வா எங்கே வாங்கலாம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அதை எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மீனாட்சிபுரம் தாண்டியதும் ஓரிடத்தில் சாக்கடை ஆற்றில் விழுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்க வேண்டும், வயிறும் எரியும். ரயில் பாலத்துக்குக் கீழே போனால் காட்சி மாறிவிடும். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் மருத மரங்கள், நாணல், அதற்குள் கொக்கு. வெயில் ஏறினாலும் நிழல் இருக்கிறது.

மதினி ஒரு இடத்தில்கூட முகம் சுளிக்கவில்லை. எட்டே முக்காலுக்குக் குறுக்குத்துறை வந்துவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடந்த பாதை, தூரம் எல்லாம் கைப்பேசி வரைபடத்தில் பச்சைக் கோடாக இருந்தது. கோயிலுக்கு முன்னால் மதினியை நிற்க வைத்து ஒரு படமும் எடுத்து, இரண்டையும் சங்கருக்கு அனுப்பினேன்.

இந்தக் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது ஆற்றங்கரைக் கோயில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வந்தால் முழுகும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவர் முருகனை மேட்டில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கீழே கொண்டுவருவார்கள். ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

சங்கரின் பதில் வந்தது. ஆசையாகப் பிரித்து மதினிக்குச் சத்தமாக வாசித்தேன். "சூப்பர் அத்தை! நாலு கிலோமீட்டர் நடந்துட்டாளா! அப்போ இங்க கவலையே இல்ல. எங்க குடியிருப்பைச் சுத்தி அருமையான நடைபாதை இருக்கு. தெனமும் நடக்கட்டும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சமதளத்தில் நடப்பாள் என்று நிரூபித்து, புனேயில் நடப்பாள் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடு பள்ளம் பார்த்து, படி இல்லாத பாதையாகத் தேடித் தேடிக் கூட்டி வந்த என் புத்தியை என்ன சொல்ல! புனேயில் கிடைக்காத இந்த ஆற்றை ஒட்டியே இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறோம், ஒரு இடத்திலும் அவளை நான் தண்ணீரில் கால் வைக்க விடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வா மதினி, ஆட்டோ பிடிப்போம் என்றேன்.

மதினி துணிப்பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே மாற்றுச் சேலை, துண்டு, மஞ்சள் சோப்பு. வீட்டிலிருந்தே இந்த எண்ணத்தோடுதான் வந்திருக்கிறாள்.

"தோளக் குடு" என்றாள்.

படித்துறைக் கற்கள் ஒன்று போல் ஒன்று இருக்காது. கைப்பிடியும் இல்லை. மதினி பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை முதலில் வைக்காமல் ஆபரேஷன் ஆன காலை முதலில் கீழே வைத்தாள். அப்படித்தான் வைக்கணுமாம், பயிற்சி கொடுத்தவர் சொன்னது. கடைசிப் படியில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் என் தோளை விட்டுவிட்டாள். இடுப்பளவு ஆழத்தில் ஓட்டத்தைப் பார்த்து நின்று மூன்று முங்கு. மூன்றாவது முங்கில் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதம் ஆனது. வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் போனை வாங்கி, அவளே சங்கரைக் கூப்பிட்டாள்.

"ஏலே, வெள்ளம் வந்தா முருகன எங்க கொண்டு போவாங்க?"

"மேலக்கோயிலுக்கு. எதுக்கும்மா கேக்க?"

"வடிஞ்ச பெறவும் அங்கனயே வச்சிக்கிடுவாங்களா?"

மதினி தலைத் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கு வடிஞ்சிட்டுலே. ஆறு மாசம் நல்லாத்தான் பாத்துக்கிட்ட, நான் இல்லன்னு சொல்லலயே. இப்ப கொறுக்குத்துறையில குளிச்சிட்டு நிக்கேன். நாளைக்கு வரும்போது துண்டு கொண்டா." போனை என்னிடம் நீட்டினாள்.

இந்த நடைக்குப் போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம். மழைக்காலத்தில் படித்துறைப் பக்கமே போகாதீர்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். திரும்பி வர ஆட்டோ நூற்றைம்பது கேட்டார்கள், நூற்றிருபதுக்கு வந்தார்கள். படியில் பாசி உண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். முட்டு மாற்றியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம், கூட ஒரு தோள் கட்டாயம் வேண்டும். மாற்றுத் துணியும் எடுத்துப் போங்கள். ஆற்றங்கரை நடையில் ஆறு எங்கே வருகிறது என்று நான் இனிமேல் பார்த்துத்தான் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கர் துண்டோடுதான் வந்தான். மூன்று பேரும் இறங்கினோம். நாலாவது படியில் பாசி வழுக்கி ஒருவர் கால் தடுமாறியது. அது சங்கர். எட்டிக் கையைப் பிடித்து நிறுத்தியது மதினி. அதற்கப்புறம் அவன் வாடகைப் பேச்சை எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை புனேக்குத் தனியாக ரயில் ஏறினான்.