மணிக்கட்டில் ஒரு செருப்புக் கடை

பழனிக்கு மாலை போட்டிருக்கேன். வட்டக்கானல்ல நான் வேலை பார்க்குற விடுதியில, காலையில ரூமைக் காலி பண்ணின கெஸ்ட் ஒருத்தர், "ட்ரை பண்ணுங்க"ன்னு என் மணிக்கட்டுல சென்ட் அடிச்சுவிட்டார்.

ஏலக்காய், கிராம்பு, கொஞ்சம் மிளகு. பஞ்சாமிர்தத்துக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. தப்பில்லைன்னு விட்டுட்டேன்.

பழனி பஸ்ல நிக்கத்தான் இடம். பெருமாள்மலை தாண்டி, நெரிசல்ல உடம்பு சூடாக ஆக, ஏலக்காய் போயிருச்சு. சென்ட்டுக்கு அடியில இருந்த தோல் வாசம், புதுச் செருப்பைப் பெட்டியிலருந்து எடுத்த மாதிரி, என் கையிலருந்து எழும்புது.

பக்கத்துல முன்னப்பின்ன தெரியாத ஒரு குருசாமி. மூக்கைச் சுருக்கினார்.

"யாருப்பா தோல் சாமான் வச்சிருக்கது? மாலை போட்டவங்களுக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

கண்டக்டர் பையைத் தூக்கிக் காட்டினார். "இது ரெக்சின் சாமி."

ஒருத்தர் பயந்துபோய் பெல்ட்டைக் கழட்டிப் பைக்குள்ள வச்சார். வாசம் போகல. நான் கையைத் துண்டுக்குள்ள சுத்திக்கிட்டேன். அந்தச் சூட்டுல இன்னும் கூடிருச்சு.

பழனியில இறங்கினதும், திருநீறு குடுக்க என் கையைப் பிடிச்ச அந்தக் குருசாமி அப்படியே நின்னுட்டார். குனிஞ்சு மோந்து பார்த்தார்.

"சாமிக்குச் செருப்புக் கடையில சோலியா?"

"ஆமா சாமி."

"அதான். பொழப்பு வாசம் வெரசா போகாது. முருகன் ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

அடிவாரத்துல மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். வாசம் இன்னும் லேசா கெடக்கு. அது கெடக்கட்டும். மாலையோட சொன்ன அந்த 'ஆமா'வுக்கு என்ன பரிகாரம்? தெரிஞ்ச சாமிங்க, நான் படி ஏறுறதுக்குள்ள சொல்லுங்க.