காத்தான்குடிக்குக் கொழும்பு வழி

பெரியகல்லாற்றில் என் வீட்டு மாடியில் ஒரு கோபுரத்தை நிறுத்தி, ஊருக்கு இணைய இணைப்புக் கொடுத்து வருகிறேன். பெயர்ப் பலகையில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று போட்டிருக்கிறேன். அங்கே நிர்வகிப்பதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை. காத்தான்குடியில் இதே தொழிலைச் செய்பவர் ஒரு புடவைக் கடைக்காரர். தன் கடைகளுக்கென்று எடுத்த இணைப்பை அக்கம்பக்கத்துக்கும் விற்கத் தொடங்கி, பக்கத்து நகரம் வரைக்கும் பரவிவிட்டார். நாங்கள் சந்தித்ததில்லை. ஆனாலும் அவரை எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் நகரத்தில் டியூஷன் நடத்தும் கணித டீச்சர் என்னைத் தேடி வந்தார். அவர் தன் பாடங்களைப் படம்பிடித்து வகுப்புக் கணினியில் வைத்திருந்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து பார்ப்பார்கள். அவருடைய இணைப்பு காத்தான்குடிக்காரர் கொடுத்தது.

“உங்கட லைன்ல பாக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நிண்டு நிண்டு போகுது,” என்றார்.

தாளை எடுத்துப் படம் வரைந்து விளக்கினேன். என் இணைப்பு கொழும்பில் ஒரு பெரிய கம்பனியிடம் போகிறது, அவருடையது இன்னொரு கம்பனியிடம். அந்த இரண்டும் சந்திப்பது சிங்கப்பூரில். ஆகவே பாடம் அதுவரை போய்த்தான் கல்லாற்றுக்கு வரவேண்டும்.

“காத்தான்குடியில இருந்து இஞ்ச வர ஒரு பஸ் போதுமே. இது ஏன் கடல் கடந்து போய்க் கிறுகி வருது?”

நெடுநேரம் தொழில்நுட்பம் பேசினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறல்ல. அதுதானே?”

அதுதான். பெரிய நகரங்களில் இதற்கென்றே இணைய மாற்று நிலையங்கள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கம்பனிகள் பொதுவான ஓரிடத்துக்கு ஆளுக்கொரு கம்பி கொண்டுவந்து, தங்களுக்குள் நேராகவே கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. இதைப் பற்றி நிறைய வாசித்தவன் நான். மறுநாளே, சொந்த யோசனை போல அதைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன்.

“வாங்க தம்பி, நீங்கதான் அந்தக் கல்லாத்து டவரா?” என்று கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டார். என்னைவிட மூத்தவர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்று கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. யோசனை அவருக்கும் பிடித்தது. எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். பொதுவான இடமென்றால் அது என் வீட்டு மாடிதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். தன் கடைக் களஞ்சியம்தான் அதைவிடப் பொதுவானது என்று அவரும் எடுத்துச் சொன்னார். உடன்பாடு எதுவுமில்லாமல், மனைவிக்கு இரண்டு புடவைகளோடு வீடு திரும்பினேன்.

கடைசியில் டீச்சரே தன் டியூஷன் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு சின்ன அறையைத் தந்தார். “ரெண்டு பேரும் இஞ்ச இருந்து கதைங்க. வகுப்பு நேரத்தில மட்டும் சத்தமாக் கதைக்காதீங்க.”

திறப்பு விழா வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். தலைவர் என்று என் பெயரை நானே அழைப்பிதழில் போட்டேன். வாவியையும் கடலையும் ஒப்பிட்டு ஒரு நீண்ட உரை எழுதினேன். முதல் பக்கம் முடியுமுன்னரே நானா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டார். டீச்சர் அழைத்திருந்த போதகர் ஜெபம் செய்தபின் கூட்டம் அறைக்குள் நுழைந்து, அந்த மாபெரும் நிலையத்தைத் தேடியது. பிஸ்கட் பெட்டி அளவில், வந்த கம்பிகளையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் ஒன்று பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“மெஷின் எங்க?” என்று ஒரு தகப்பன் கேட்டார்.

அவருக்கு மறுமொழி சொல்வதைவிட, படம் எடுப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சுவிட்சிலிருந்து ஒரு வயரின் நுனி அசிங்கமாகத் தொங்கியது. அதை வெறுமையாயிருந்த ஒரு துளையில் செருகிவிட்டு, பக்கத்தில் நின்று சிரித்தேன். விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிகொண்டு மின்னின. அதுவும் படத்துக்கு நல்லதென்றுதான் நினைத்தேன். பிறகு என் தொலைபேசி அடித்தது. நானாவுடையதும் அடித்தது. இரண்டு ஊரிலும் இணையம் செத்துப்போயிருந்தது.

கரண்ட் சரியில்லை என்றேன். கடற்காற்று என்றேன். மெதுவாக, “உங்கட பக்கத்திலதான் பிழை போல, நானா,” என்றும் சொன்னேன். அவர் ஒரு வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

“தம்பி, இது எங்க போகுது?”

“இந்த சுவிட்சுக்கு.”

“எங்க இருந்து வருது?”

நான் பார்த்தேன். “இதே சுவிட்சில இருந்துதான்.”

ஒரே வயரின் இரு நுனியும் ஒரே பெட்டியில் இருந்தன. உள்ளே வந்த தகவலெல்லாம் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, இரு ஊரையும் மூழ்கடித்திருந்தது. பிடுங்கியதும் எல்லாம் சரியாயிற்று. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் கதை பரவியதால்தான் இப்படியொரு நிலையம் இருப்பதே வெளியில் தெரிந்தது. ஏறாவூரிலிருந்து ஒருவர் சேர்ந்தார். பிறகு வெல்லாவெளியில் வயல்வட்டைக்கு நடுவே கோபுரம் வைத்திருந்த ஒருவரும் வந்தார். ஆட்கள் கூடியதும் வெளிநாட்டு வீடியோக் கம்பனியொன்று, ஆட்கள் அதிகம் பார்க்கும் படங்களைச் சேமித்துவைக்கத் தன் பெட்டியையே இங்கே கொண்டுவந்து வைத்தது. அறை போதாமல் டீச்சர் பக்கத்துச் சுவரை இடித்தார். எல்லாருமாகக் கூடி அவரையே தலைவராக்கினார்கள். எனக்கு ‘ஆலோசகர்’ பட்டம். இதுவரை யாரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை.

நானா இப்போது காலைதோறும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். இணையத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது. மகளுக்கு வந்த சம்பந்தம், தன் முழங்கால் வலி, மீன் விலை என்று கதை நீளும். நேற்றும் அப்படித்தான் பேசிவிட்டு வைத்தேன். மனைவி கேட்டாள்.

“உங்களுக்கெண்டு இருந்தது ஒரேயொரு எதிரி. அவரையும் விட்டுட்டீங்களா?”

இப்போது அந்த இடத்துக்கு ஏறாவூர்க்காரரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவரும் நல்ல மனிசனாகத்தான் தெரிகிறார்.