இடது கார்னர்

கபடியில் பாடி வருகிற ரைடரைத்தான் ஊர் கொண்டாடும். அவன் கணுக்காலைப் பிடித்துச் சாய்க்கிற கார்னர்காரனை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். நான் இடது கார்னர். மாரியூர்க் கடற்கரை மணலில் விழுந்து பழகி, ஆட்டத்தாலேயே அரசு வேலை வாங்கி, டிவியில் காட்டும் போட்டிகள் வரைக்கும் போனவன். எந்தெந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதையெல்லாம் இப்போது மனைவியிடம் விசாரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. டிவியில் என் முகம் தெரிந்ததே இல்லை, முதுகுதான் தெரியும். அந்த முதுகைக் காட்டியே என்னைப் பெற்ற அய்யா ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தார்.

கணுக்காலுக்குப் பாய்ந்தால் நம் தலை அவன் முழங்காலுக்கு நேரே போகும். தொழிலே அதுதான். இடி விழுந்ததும் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் கேட்கும், விளக்கெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். தலையில் தண்ணீரை ஊற்றி எழுப்பி நிறுத்துவார்கள். நடுவர் கிட்டே வந்து கண்ணைப் பார்ப்பார்.

"உள்ள எத்தன பேருப்பா நிக்கிறீங்க?"

சரியாகச் சொன்னால் ஆடலாம், தப்பினால் வெளியே உட்கார வேண்டும். என் இடத்துக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் நாங்கள் கை கோத்துத்தான் நிற்போம். எனக்கு வலப்பக்கம் நிற்கிறவன், எத்தனை பேரோ அத்தனை தடவை என் உள்ளங்கையை அமுக்குவான். நான் எண்ணிச் சொல்லிவிடுவேன். நடுவர் நகர்ந்ததும் அவன் குனிந்து, "ஏலே மாப்ள, ஒனக்கு மண்டையே நாந்தாண்டா" என்பான். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

ஆட்டத்தை விட்டு வந்த பிறகு முதலில் சாவிதான் காணாமல் போனது. அப்புறம் வண்டியை நிறுத்திய இடம். நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் கிழவனாகிவிட்டேன் என்று வீட்டில் கேலி செய்தார்கள். வீடு இராமநாதபுரத்தில், ஆபீஸ் இராமேஸ்வரத்தில். அன்றாடம் பாம்பன் பாலத்தைத் தாண்டுகிறவன் நான். போன மாதம் ஒரு நாள் பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல். நான் வேலைக்குப் போகிறேனா, வீட்டுக்குத் திரும்புகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஆளிடம் இதை எப்படிக் கேட்பது? அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"ஏங்க, எங்கன வாரீங்க? சோறு ஆறுது."

அப்படியென்றால் வீட்டுக்குத்தான். "வாரேன், வாரேன்" என்று சொல்லி வைத்தேன். என் வாழ்க்கையில் எந்த ரைடரைப் பார்த்தும் நான் அப்படிப் பயந்ததில்லை.

அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். மறுவாரம் என்னை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சின்ன வயசு, நல்ல மாதிரி. பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், டக்கென்று சொன்னேன். அவளுக்கே முகம் தெளிந்துவிட்டது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

காதுக்குள் பழைய சத்தம் கொய்யென்று எழும்பியது. என் கை தானாக வலப்பக்கம் நீண்டது. அங்கே உட்கார்ந்திருந்த மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எத்தனை தடவை அமுக்குவாள் என்று காத்திருந்தேன்.

அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என்னால் எண்ண முடியவில்லை.