அது டான்ஸ் ஸ்டெப் இல்ல

போன ஞாயிறு, மாலை 4 மணி 12 நிமிஷம். மேடையில பாடுறவங்க ரெண்டு பேர், பொம்மை வேஷம் போட்டவங்க நாலு பேர். கீழே முந்நூறு பேர் இருப்போம், பாதிக்கு மேல குழந்தைங்க.

அந்த நாலு வேஷத்துல நீல யானை ஒண்ணு. பேரு டிங்கு. அதுக்குள்ள இருந்தது சவரிமுத்து அண்ணன். இன்னைக்குக் காலையில 6:20-க்கு ஆஸ்பத்திரியில செத்துட்டார்.

'காலமானார்'னு எழுத எனக்கு வரல. செத்துட்டார். வெயில்ல, ஸ்பாஞ்சு தலைக்குள்ள, வெந்து.

தெரியாதவங்களுக்கு... ஒரகடத்துல எங்க ஃபேக்டரி பிரஸ் ஷாப்ல ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். ஆள் குறைச்சப்ப முதல்ல இவரைத்தான் அனுப்பினாங்க. அப்புறம்தான் தீம் பார்க்ல, குழந்தைங்க கச்சேரிக்கு யானை.

பிரஸ் ஷாப்ல தகடு அடிக்கிற சத்தத்துல பேச்சு கேக்காது. கைதான் பேச்சு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் குறுக்கே வச்சா லைன் ஸ்டாப், மெஷினை நிறுத்துன்னு அர்த்தம்.

பார்த்தவன் ஒவ்வொருத்தனும் அதையே திருப்பிக் காட்டணும். ஸ்விட்ச் பேனல்ல நிக்கிறவன் கண்ணுல படுற வரைக்கும். அதான் ரூல்.

நான் ட்ரெய்னியா சேர்ந்த புதுசு. பிரஸ்ல மாட்டின துண்டை எடுக்கக் குனிஞ்சேன். கை உள்ள போனா சென்சார் நிறுத்திடும்னு புக்ல படிச்ச தைரியம். சென்சார் செத்து ரெண்டு நாள் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது.

சவரி அண்ணன் கையைத் தூக்கினார். அடுத்தடுத்து ஆறு பேர் தூக்கினாங்க. லைன் நின்னுது.

"எவன்யா நிறுத்தினது?"ன்னு மேனேஜர் கத்திக்கிட்டே வந்தார்.

"நான்தான் சார். லைன் மறுபடி ஓடும். இவன் விரல் மறுபடி முளைக்குமா?"

அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னா இன்ஜினியரே, படிச்சதை மட்டும் எத்துகினு, மூளைய வூட்ல வச்சுட்டு வந்தியா?"

ஒரு வாரம் மொத்த ஷாப்பும் என்னை 'மூளை'ன்னுதான் கூப்பிட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு இலக்கியாவைக் கூட்டிட்டுப் போனேன். அஞ்சு வயசு. கச்சேரிக்கு முன்னாடி மேடைக்குப் பின்னால போனோம். சவரி அண்ணன் யானைத் தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். பனியன் முழுக்க ஈரம்.

"தலைக்குள்ள ஃபேன் ஓடலையாணா?"

"மூணு வாரமா ஓடல. எழுதிக் குடுத்துக்கீறேன். பேட்டரி வருதாம்... எங்கிருந்து வருதோ, நடந்து வருது போல."

பிரிச்சுப் பார்த்தேன். பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. வேர்வை பட்டு ஒயர் விட்டிருந்தது. பத்து நிமிஷ வேலை, கையில சால்டரிங் அயர்ன் இல்ல. "அடுத்த வாரம் கொண்டு வரேன்ணா"ன்னேன்.

அடுத்த வாரம்.

இலக்கியாகிட்ட, "பாப்பா, மேடையிலேர்ந்து உனக்கு மட்டும் கை காட்டுவேன், பாத்துகினே இரு"ன்னார்.

மூணாவது பாட்டு. 4:12. டிங்கு ஆடறதை நிறுத்திட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் குறுக்கே வச்சார்.

"மாமா! எனக்குத்தான் காட்டுது!" இலக்கியா சீட்டு மேல ஏறி நின்னு அதையே திருப்பிக் காட்டினா. பக்கத்துக் குழந்தை காட்டுச்சு. அந்த வரிசையே காட்டுச்சு. "சூப்பர்! எல்லாரும் டிங்கு மாதிரி பண்ணுங்க!"ன்னு பாடுறவங்க மைக்ல வேற சொன்னாங்க.

நானும் தூக்கினேன். சிரிச்சுக்கிட்டே.

முந்நூறு பேர் லைன் ஸ்டாப் காட்டினோம். ரூல்ல ஒரு குறையும் இல்ல. சவுண்டு பேனல்ல இருந்தவனுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணன் உக்காந்தார். சாஞ்சார். "அச்சச்சோ, டிங்கு தூங்கிட்டான்!"னு மைக். கைதட்டல்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. மேடை ஏறினேன். செக்யூரிட்டி சட்டையைப் பிடிச்சான். "சார், குழந்தைங்க முன்னாடி தலையைக் கழட்டக் கூடாது சார்."

பாட்டு முடியற வரைக்கும் கழட்ட விடல. முழுப் பாட்டும்.

ஆஸ்பத்திரியில பார்க் மேனேஜர், அண்ணன் வீட்டம்மா ஸ்டெல்லா அக்காகிட்ட சொன்னது: "உங்க வீட்டுக்காரர் முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லலம்மா. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போம்."

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்து, "சொல்லவே இல்லியா தம்பி? அப்படியே வுட்டுட்டாரா?"ன்னு கேட்டாங்க. மருந்துச் சீட்டை வாங்கிக்கிட்டு நான் கீழே போயிட்டேன்.

நேத்து ஃபோனைத் திறந்தா ரீல்ஸ். 'டிங்கு ஸ்டெப்.' என் ஃபிரண்ட்ஸ் லிஸ்ட்லயே மூணு பேர் குழந்தைங்களை ஆட விட்டுப் போட்டிருக்கீங்க. அது ஸ்டெப் இல்லய்யா. ஒரு மனுஷன் 'நிறுத்துங்க'ன்னு சொன்னது.

இனி செய்யப் போறது:

1. ரீல்ஸ் போட்ட மூணு பேருக்கும் ஃபோன் பண்ணுவேன். அதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துட்டா நல்லது.

2. நாளைக்குக் காலையில என் ஃபோன்ல இருக்கிற அந்தக் கச்சேரி வீடியோவோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். அந்தக் கைக்கு என்ன அர்த்தம்னு எழுதிக் குடுக்க பிரஸ் ஷாப்ல ஒன்பது பேர் கூட வர்றாங்க. மூணு வாரம் ஓடாத ஃபேனைப் பத்தியும் எழுதுவேன்.

3. அதுக்கும் முன்னாடி, இன்னைக்கே, ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு. அவர் சொன்னார்க்கா. தெளிவாச் சொன்னார். நான் பார்த்தேன், சிரிச்சேன். ரெண்டையும் சொல்லணும்.

4. இலக்கியா இன்னும் வீட்ல கையைக் குறுக்கே வச்சுகிட்டு ஆடுறா. யானை தனக்கு மட்டும் காட்டினதாம். அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.

5. நாளைக்கு சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம், வல்லக்கோட்டை தாண்டி அவங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல. ஏ ஷிஃப்ட் முடிச்சவங்க நேரா வந்துடுங்க. பெட்டிக்கு நான் ஒரு தோள். போறோம் சவரிண்ணா, மெதுவாவே தூக்கிட்டுப் போறோம். எங்க நிறுத்தணுமோ கை காட்டுங்க.