கவுன்ட்டரை விட்டு நகராத கனீஸ் பாத்திமா

முல்லா வீதியில் கனீஸ் பாத்திமாவைத் தெரியாத பெண்கள் குறைவு. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்கு வேலை. காலை வேளைகளில் லாஸ்பேட்டை மைதானத்தில் அவர் குரல் தனியாகக் கேட்கும். "பிரேக்கப் புடிச்சிக்கினே முறுக்காதம்மா! கீழ இன்னா பாக்குற, ரோட்டப் பாரு!" என்று அவர் போடும் சத்தத்தில், படுத்திருக்கும் நாய்கள்கூட எழுந்து ஓரமாகப் போய்விடும்.

அந்தக் குரல் மைதானத்தோடு சரி. பேங்க், ஆஸ்பத்திரி என்று ஒரு கவுன்ட்டர் முன்னால் நின்றால் பாத்திமா வேறு ஆளாகிவிடுவார். "நாளைக்கு வாங்க" என்பார்கள். "சரிங்க" என்று திரும்பிவிடுவார். மறுநாளும் அதையே சொன்னால், அதற்கும் "சரிங்க"தான். கைக்கடிகாரக் கடை வைத்திருக்கும் கணவர் மஜீத் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் மகள் நூரீனுக்கு பெங்களூரில் பட்டமளிப்பு விழா. மஜீத்துக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக முடியாது. நூரீனே விமான டிக்கெட் போட்டு, அத்தாவுக்கு ஒரு வீல்சேரும் சேர்த்துப் பதிவு செய்தாள். விமானக் கம்பெனியும் சரியென்று மெசேஜ் அனுப்பியது.

விமான நிலையத்தில், கம்பெனி கவுன்ட்டரில் இருந்தவர் பெயர் வெற்றிவேல். போர்டிங் பாஸை நீட்டிவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, வீல்சேர் சொல்லியிருந்தமே?" என்றார் பாத்திமா.

"இன்னிக்கு இல்ல மேடம்."

"மெசேஜ் வந்துச்சே?"

"அது தானா வர்றது. ஃபிளைட் அதோ நிக்குது. மெதுவா நடந்து போவச் சொல்லுங்க."

"சரிங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மஜீத் ஊன்றுகோலோடு நடந்தார். பாதி ஹாலைக்கூடக் கடக்கவில்லை, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "ஒண்ணுமில்ல பாத்திமா, கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்" என்று சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைத்தான் பாத்திமாவால் தாங்க முடியவில்லை. அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"தம்பி, அவரால நடக்க முடியல. வீல்சேர் வேணும்."

"இல்லன்னு சொன்னனே மேடம். நடக்க முடியலன்னா டாக்டர் சர்டிஃபிகேட் காட்டணும். இல்லன்னா ஏத்தவே மாட்டாங்க. ஓரமா நில்லுங்க."

வரிசையில் பின்னால் நின்ற பலராமன் என்ற பெரியவர், "சீக்கிரம்மா" என்று முனகினார். பாத்திமாவுக்கு நாக்கு நுனிவரைக்கும் "சரிங்க" வந்துவிட்டது. ஆனாலும் கைப்பையைத் தூக்கிக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"ஓரமா நிக்க மாட்டேன்." ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நீங்க தர்றன்னு சொன்னதத்தான் கேக்குறோம். இல்லன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஒண்ணு கொண்டாந்திருப்பேன். ஆபரேஷன் ஆன மனுசன நடக்கவும் வுட்டுட்டு, இப்ப ஏத்த மாட்டன்னு மெரட்டுறீங்களா? ஒங்க மேனேஜரக் கூப்புடுங்க."

"அவங்க பிஸி மேடம்."

"வரட்டும். வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

பலராமன் எட்டி மஜீத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார் மஜீத். பலராமனின் குரல் மாறிவிட்டது. "அந்தம்மா கேக்குறது நியாயந்தான? கூப்புடுங்க சார். நாங்களும் நிக்கிறோம்."

உள்ளேயிருந்து மேனேஜர் பூவிழி வந்தார். மெசேஜைப் பார்த்தார். "ஸ்டோர்ல ரெண்டு வீல்சேர் இருக்கே வெற்றிவேல்?"

"சாவி அந்தாண்ட ஆபீஸ்ல இருக்குது மேடம்" என்றார் வெற்றிவேல் மெதுவாக. அங்கே வரைக்கும் போய்வரச் சோம்பல், அவ்வளவுதான் விஷயம்.

"போய் எடுத்தாங்க" என்ற பூவிழி, பாத்திமாவிடம் திரும்பினார். "ஸாரிம்மா."

"எங்கிட்ட எதுக்குங்க? கஷ்டப்பட்டது அவரு. அவருகிட்ட சொல்லச் சொல்லுங்க."

வெற்றிவேல் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து மஜீத் முன்னால் நிறுத்தினார். "மன்னிச்சிக்கங்க பாய். நான் அப்பவே எடுத்தாந்திருக்கணும்."

"வுடுங்க தம்பி. பாத்துத் தள்ளுங்க, எனக்கு இதான் மொத ஃபிளைட்டு" என்றார் மஜீத். வெயிலில் விமானம் வரைக்கும் ஊர்வலம் மாதிரி போனார். படிகளை மட்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார்.

சீட்டில் உட்கார்ந்ததும் பாத்திமா மஜீத் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "ரொம்பக் கத்திட்டனாங்க?"

"வெளிய ஆட்டோ ஸ்டாண்டு வரைக்குந்தான் கேட்டிருக்கும்" என்றார் மஜீத். பாத்திமா சிரிக்க ஆரம்பித்தார். பெல்ட் போடச் சொல்லி வந்த பெண்ணும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள்.

பெங்களூரில், கறுப்பு அங்கியோடு ஓடிவந்த நூரீனிடம் வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே மஜீத் இந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். இப்போதும் கடைக்குப் பேட்டரி மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உண்மையில் விமானம் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது. மஜீத் சொல்லும் கதையில் பாத்திமாவுக்காக அது ஒரு மணி நேரம் காத்து நிற்கிறது.