ஆறடி தள்ளி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேமரா ஆசை வந்தது ஐம்பத்து மூன்றாம் வயதில். ஆசை என்று சொல்வதுகூடச் சரியில்லை, தேவை. மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். கையோடு கொண்டுபோக அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றாள். வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும் கல்யாண ஆல்பத்தையும் அடையாள அட்டையையும் தவிர வேறு எதிலும் அம்மா அகப்படவில்லை. குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்தது அவள்தானே, எப்படி அகப்படுவாள்?

அதற்குக் காரணம் மெக்கானிக்குக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மனைவியின் முகத்துக்கு நேரே, ஒரு முழம் இடைவெளியில் கேமராவை நீட்டிப் படம் எடுத்தார். பிரிண்ட் வந்ததும் அக்கா வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, "மூக்கு முதல்ல வந்துடுச்சு, ஆள் பின்னாடி வந்துட்டு இருக்கா" என்றார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து யார் கேமராவை எடுத்தாலும், "கொடுங்க, நான் எடுக்கறேன்" என்று கையை நீட்டிவிடுவாள். வாய்க்கொழுப்பு செய்த வேலை. இருபத்தைந்து வருஷமாக மனுஷர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

பழைய கேமரா ஒன்றை வாங்கியாயிற்று. லென்ஸுக்காகக் கடைக்குப் போனார்.

"எண்பத்தஞ்சு எம்எம் குடுங்கம்மா. முகம் எடுக்க அதுதான் ராஜான்னு வீடியோவுல சொல்றாங்க."

கடைக்காரம்மா அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. "எங்க வச்சு எடுக்கப்போறீங்க?"

"வீட்லதான். வெளியில கூப்பிட்டா அவ வரமாட்டா."

"ரூம் எவ்ளோ நீளம்?"

லிஃப்ட் கதவின் இடுக்கை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறவருக்குத் தன் வீட்டுக் கூடத்தின் நீளம் தெரியவில்லை. மகளுக்கு போன் போட்டு அளக்கச் சொன்னார். ஒன்பதரை அடி.

"நாற்காலி, உங்க முதுகு எல்லாம் போக ஆறடி தேறும்" என்று கணக்குப் போட்டாள் கடைக்காரம்மா. "உங்க கேமராவுல எண்பத்தஞ்சைப் போட்டா ஆறடியில தலையும் கழுத்தும்தான் அடங்கும். நல்ல லென்ஸ்தான், உங்க ரூமுக்கு ஆகாது. அம்பது எடுத்துக்கோங்க, இடுப்பு வரைக்கும் வரும். வெளிச்சம் போற துவாரம் ஒன்னு புள்ளி எட்டு வரைக்கும் அகலமாத் திறக்கும், ஜன்னல் வெளிச்சமே போதும். அதுக்காக முழுசாத் திறந்துடாதீங்க. ஒரு கண்ணு தெளிவா வந்து இன்னொன்னு மங்கிடும். ரெண்டு புள்ளி எட்டுல வையுங்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மூக்கைப் பெருசாக் காட்டாதுல்ல?"

"லென்ஸை ஏன் சார் குத்தம் சொல்றீங்க? மூஞ்சிக்குக் கிட்டப் போய் நின்னா முன்னால இருக்கறது பெருசாத்தானே தெரியும்? தள்ளி நில்லுங்க, முகம் முகமா இருக்கும்."

மனுஷருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்துவிட்டார், பாவம்.

சனிக்கிழமை காலை ஜன்னலோரம் நாற்காலி போட்டார். மகளுக்காக மனைவி வந்து உட்கார்ந்தாள். ஆனால் முகம் மட்டும் ஊசி போட வந்த குழந்தை மாதிரி அந்தப் பக்கமாகவே திரும்பியிருந்தது. சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு இவர் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் ரொம்பக் கிட்ட நின்னுட்டேன். அதான் அப்படி வந்துச்சு. உன் மூக்குல ஒரு குறையும் இல்ல. கடைக்காரம்மாவே சொல்லிட்டாங்க."

"ஓஹோ. தள்ளி நின்னிருந்தா ஒன்னும் ஆகியிருக்காது?"

"ஆகியிருக்காது."

"பத்துப் பேரைக் கூட்டி வச்சு சிரிச்சீங்களே, அது எவ்ளோ தூரத்துல நின்னு?"

மெக்கானிக்குக்குக் கேமரா கனத்தது. கீழே இறக்கினார்.

"அது தப்புதான்" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீயும் சிரிச்சியா, சரி, மனசுல வச்சுக்கலன்னு இருந்துட்டேன்."

"சிரிக்காம? உங்க ஆளுங்க அத்தனை பேரும் என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. அழுதா அதுக்கும் சிரிப்பாங்க."

இத்தனை வருஷத்தில் இது ஒருதரம்கூட அவருக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோ என்று சொன்னார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேராகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடுங்க. அழுத மூஞ்சியாவே இருந்துட்டுப் போகட்டும்."

எடுத்தார். உள்ளறையிலிருந்து ஓடிவந்த மகள், "காட்டுங்கப்பா" என்று கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. ஆறடியையும் கடந்து கேமராவை மனைவியிடம் கொண்டுபோனார்.

"முதல்ல நீ பாரு. நீ சரின்னாத்தான் மத்தவங்களுக்கு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு அப்படியேதான் இருக்கு."

"ஆமா."

"இருக்கட்டும். அவகிட்ட குடுங்க."